பெப்டைட் மாத்திரை டிரயலுக்கு ஸ்க்ரீனிங் போய் வந்த கதை

எனக்கு சொரியாசிஸ் பல வருஷமா இருக்கு. முழங்கை, முட்டி, தலை, இப்ப முதுகும். தாம்பரம் சானடோரியம் சித்தா ஆஸ்பத்திரில குடுக்குற ஊதா கலர் வெட்பாலை தைலம் பூசிப் பூசி வீட்டுல கறை படாத தலகாணி உறையே கிடையாது, கொஞ்சம் அடங்கும், மார்கழி பனி ஆரம்பிச்சா மறுபடி செதில் கொட்டும். எதிர்ப்பு சக்திய அடக்குற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போட்டா வயித்தப் பொரட்டும், லிவர் டெஸ்ட் வேற எடுத்துட்டே இருக்கணும். உடம்புல வீக்கத்தத் தூண்டி விடுற ஐஎல்-23ங்கிற புரதத்த தடுக்குற ஊசி நல்லா கேக்கும்னாங்க, விலையக் கேட்டுட்டு பேசாம எந்திரிச்சு வந்துட்டேன்.

இதுக்கு நடுவுல நாத்தனார் பையன் ஜிம்முலேர்ந்து ஒரு குட்டி பாட்டில் கொண்டாந்தான். பிபிசி-157ஆம். "அத்தை, இது பெப்டைட், எந்த வீக்கமா இருந்தாலும் எடுத்துரும்"ங்கிறான். லேபிள்ல ஆராய்ச்சிக்கு மட்டும்னு போட்ருக்கு! ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டினேன். பெப்டைட்னா புரதத்தோட குட்டித் துண்டு மாதிரி, இது 15 அமினோ அமிலம் கோத்து லேப்ல செஞ்சது, ஆராய்ச்சி முக்கால்வாசி எலில தான், மனுஷங்கள்ல ரொம்பக் கம்மி, விளையாட்டுக்காரங்களுக்கு 2022லயே தடை பண்ணிட்டாங்க, தொடாதீங்கன்னுட்டார். பெப்டைட் தான் வேணும்னா புது மருந்த ஆளுங்களுக்குக் குடுத்து சோதிக்கிற டிரயல் ஒண்ணு முறையா நடக்குது, போய்ப் பாருங்கன்னு அவரே அனுப்பினார்.

சாதாரணமா பெப்டைட்ட முழுங்கினா பருப்பு மாதிரி வயித்துல செரிச்சுரும், அதான் இன்சுலின்லாம் ஊசியா போடுறாங்க. இப்ப வளையமா கட்டி, செரிமானத்துக்குத் தாங்குற மாதிரி செஞ்சு, அந்த ஐஎல்-23 போய் ஒட்டுற இடத்தையே அடைக்குற மாத்திரை வருது. ஐகோட்ரோகின்ரான்னு ஒண்ணு, 2025ல வந்த ரிசல்ட்ல 16 வாரத்துல 65 சதவீதம் பேருக்கு தோல் கிட்டத்தட்ட சுத்தமாச்சு, டம்மி மாத்திரை போட்டவங்கள்ல 8 சதவீதம் தான். நான் போனது அதே வகைல வேற ஒண்ணு.

மொதல்ல சிடிஆர்ஐங்கிற அரசாங்க வெப்சைட்ல டிரயல் நம்பர் போட்டுப் பாத்தேன், இருந்துச்சு. நம்பர் இல்லன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. அப்புறம் சம்மதப் படிவம், தமிழ்லயே, கல்யாண ஆல்பம் கனத்துக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிங்கன்னாங்க, படிச்சேன். எப்ப வேணா விலகலாம், டிரயலால உடம்புக்கு ஏதாவது ஆனா வைத்தியம் இலவசம், டம்மி மாத்திரை கெடைச்சாலும் கெடைக்கும், யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. எங்க வீட்டுக்காரர் கடைசி விஷயத்துல தான் மூஞ்சத் தூக்கினார்.

கையெழுத்துக்கு அப்புறம் தான் கஷ்டமே. மெத்தோட்ரெக்ஸேட்ட 4 வாரம் நிறுத்தணும், தைலமும் கூடாது. அப்பா, அந்த நாளெல்லாம்! உக்காந்த சேர்ல செதில், புடவைல செதில், ராத்திரி அரிப்புல தூக்கம் கெடையாது, பங்க்‌ஷன் எதுக்கும் போகல. ஆனா ஸ்கோர் போடறது இந்த நிலைமைல தான். கவுன மாட்டி விட்டு, சிவப்பு, தடிப்பு, செதில்னு இடம் இடமா மார்க் போடுறாங்க, பாசி ஸ்கோர்னு பேரு, 12 வரணும். உடம்புல 10 சதவீதமாவது இருக்கணும், நம்ம உள்ளங்கை விரலோட சேத்து ஒரு சதவீதம்னு கணக்கு. ரெண்டும் தாண்டிட்டேன், இதுக்கெல்லாம் சந்தோஷப்படுற நெலம.

ரத்தத்துல டிபி டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்துச்சு. இருமல் இல்ல, எக்ஸ்ரே சுத்தம். கிருமி உள்ள தூங்குது, எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்து குடுத்தா முழிச்சுக்கலாம், நம்ம ஊர்ல நெறைய பேருக்கு இப்படித்தான்னு டாக்டர் சொன்னார். அதனால இப்போதைக்கு டிரயல்ல சேக்கல, அந்தக் கிருமிய ஒழிக்க இப்ப வாரம் ஒருவாட்டி மாத்திரை, 12 வாரம், யூரின் ஆரஞ்சா போகும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, இல்லன்னா அலறிருப்பேன். இதோட மெத்தோட்ரெக்ஸேட்டும் சேந்தா லிவருக்கு ஆகாது, அதனால லைட் தெரபி ஓடுது. கோர்ஸ் முடிஞ்சு டிரயல்ல இடம் இருந்தா மறுபடி ஸ்க்ரீனிங் பண்ணலாம்னு கோஆர்டினேட்டர் சொல்லிருக்காங்க, போகலாம்னு தான் இருக்கேன், அந்த மருந்து நிறுத்துற வாரங்கள நெனச்சா தான் இப்பவே அரிக்குது.