20 விழுக்காடு என்றால் ஆளுக்கு 20 இல்லை

நீட் தேர்வு மே மாதம் வரும். எங்கள் பாம்பனில் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அப்பா வாசலில் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார், பக்கத்தில் உட்கார்ந்து நான் மரபியல் கணக்குப் போடுவேன். மாதிரித் தேர்வுகளில் பிணைந்த மரபணுக்களின் (ஒரே குரோமோசோமில் நெருங்கி இருப்பவை) சோதனைக் கலப்பு, அதாவது முதல் தலைமுறையை ஒடுங்கு பண்புகள் மட்டுமே உள்ள துணையோடு கலப்பது, வந்தாலே எனக்கு மதிப்பெண் போய்விடும். எங்கே தவறினேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

சோதனைக் கலப்பு என்றதும், சந்ததியில் நான்கு வகையும் சமம் என்று கை தானாக 1:1:1:1 எழுதும். மரபணுக்கள் வெவ்வேறு குரோமோசோமில் இருந்தால் அது சரி. ஒரே குரோமோசோமில் நெருங்கி இருந்தால் பெற்றோர் வகைகள் மிகுந்தும் புதுச் சேர்க்கைகள் குறைந்தும் வரும். மறுசேர்க்கை, அதாவது புதுச் சேர்க்கைகளின் பங்கு, 20 விழுக்காடு என்று கொடுத்தால், அது இரண்டு புதிய வகைகளுக்கும் சேர்த்து. ஆளுக்கு 10, பெற்றோர் வகைகளுக்கு 40, 40. நான் ஆளுக்கு 20 கொடுத்து 30:30:20:20 என்று எழுதிவந்தேன். கூட்டினால் 100 வந்துவிடும். அதனால் பல வாரம் தவறு கண்ணில் படவே இல்லை.

அப்புறம், எது பெற்றோர் வகை என்பதைப் பண்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழ ஈயில் சாம்பல் உடலும் இயல்பான இறக்கையும் ஓங்கு பண்புகள். கறுப்பு உடல், சிறுத்த இறக்கை ஒடுங்கியவை. சாம்பல்-இயல்பு ஈயைக் கறுப்பு-சிறுத்த ஈயோடு கலந்தாலும், சாம்பல்-சிறுத்ததைக் கறுப்பு-இயல்போடு கலந்தாலும் முதல் தலைமுறை ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டாவது கலப்பில் சாம்பல்-இயல்பே புதுச் சேர்க்கை! இரண்டு கோடு போட்டு, தாய் தந்ததை மேலேயும் தந்தை தந்ததைக் கீழேயும் எழுதுங்கள். பத்து நொடிகூட ஆகாது.

எண்கள் கொடுத்து மரபணுக்களுக்கு இடையிலான தூரம் கேட்டால் இன்னும் எளிது. மரபியல் அறிஞர் மார்கனின் ஈக் கலப்பில் நான்கு வகைச் சந்ததியின் எண்ணிக்கை 965, 944, 206, 185; மொத்தம் 2300. சிறிய இரண்டையும் கூட்டினால் 391, அதாவது 17 விழுக்காடு. ஒரு விழுக்காடு ஒரு வரைபட அலகு என்பதால் தூரம் 17 வரைபட அலகு. விடை 50-ஐத் தாண்டினால் பெரிய எண்களைப் புதுச் சேர்க்கையாக எடுத்துவிட்டீர்கள்.

கேள்வியில் முதல் தலைமுறை ஈ ஆணா பெண்ணா என்றும் பாருங்கள். புதுச் சேர்க்கை வருவது குறுக்கேற்றத்தால், அதாவது இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால். ஆண் பழ ஈயில் அது நடப்பதில்லை. ஆண் ஈயைச் சோதனைக் கலப்புக்கு எடுத்திருந்தால் 17 விழுக்காட்டுக்கு அங்கே வேலையே இல்லை. பெற்றோர் வகை இரண்டு மட்டும், 1:1.