மார்டென்சியா ஒருவழியாகத் தாளில் ஏறியது

வெலிகம விரிகுடாவில் அலை ஒதுக்கிய கொத்தில் கிடைத்த மார்டென்சியா ஃப்ராஜிலிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி, காயவைத்துப் பாதுகாக்கும் தாளில் வலைக்கண் கிழியாமல் படிந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

அயர்லாந்துப் பாசியியலாளர் வில்லியம் ஹென்றி ஹார்வி, 1853இல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் இலங்கையில் தங்கினார். இதே விரிகுடாவில் எடுத்த மாதிரியைக் கொண்டுதான் 1854இல் இந்த இனத்தை விவரித்தார். அதனாலேயே இதை அவர் காலத்து முறையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

உல்வா, கிரேசிலாரியா போன்ற பாசிகள் எல்லாம் சொன்னபடி கேட்கும். மார்டென்சியாவின் அடிப்பகுதி மெல்லிய ஏடு, மேல்பகுதி சிலந்திவலை மாதிரி. தண்ணீருக்குள் தூரிகையால் எவ்வளவு அழகாக விரித்தாலும், தாளைத் தூக்கும் நொடியில் ஓரத்தில் வழியும் நீர் வலையை இழுத்துச் சுருட்டிவிடும். தாளை எவ்வளவு மெதுவாகச் சாய்த்தாலும் அதே கதைதான். கடைசியில் தாளைத் தூக்குவதையே விட்டுவிட்டேன். துளையிட்ட அலுமினியத் தகட்டின் மேல் தாளை வைத்துத் தண்ணீர்த் தட்டின் அடித்தளத்தில் கிடத்தினேன். பாசியை மேலே மிதக்கவிட்டு, மெல்லிய குழாயால் தண்ணீரை மட்டும் உறிஞ்சி வெளியேற்றினேன். நீர்மட்டம் இறங்க இறங்க, வலை தானாகத் தாளில் படிந்தது. இதற்குப் பொறுமை வேண்டும். குழாயைத் தட்டின் மூலையில் வைத்து, சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.

தட்டில் ஊற்றியது கடல்நீர். மென்மையான சிவப்புப் பாசிகளுக்கு நல்ல தண்ணீர் எமன். கிரிஃபித்சியாவை அதில் போட்டால் செல்கள் வெடித்து நிறம் வழிந்துவிடும். ஆனால் உப்பு தாளில் தங்கினால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும். அதனால் நீர் வடிந்த பிறகு, தாளின் ஓரத்தில் மட்டும் சில சொட்டு நல்ல தண்ணீர் விட்டேன். பசை எதுவும் தேவையில்லை, பாசியின் வழுவழுப்பே போதும்.

மேலே மூட, கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணிக்கு நிகர் எதுவும் இல்லை. கடையில் வாங்கிய மெல்லிய துணியில் கஞ்சி போகவே மாட்டேன் என்கிறது, பாசியோடு ஒட்டிக்கொள்கிறது. உறிஞ்சுதாள் இப்போதெல்லாம் எழுதுபொருள் கடைகளில் அரிதாகிவிட்டது. கிடைத்தால் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்வி இப்படி ஆயிரக்கணக்கில் சேர்த்தார், தொகுப்புகளாகக் கட்டி விற்கவும் செய்தார். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் நீர்க் காவல்துறை அதிகாரி ஜார்ஜ் கிளிஃப்டன் அவருக்கு உதவினார். கிளிஃப்டோனியா என்ற பாசிக்கு வைத்தது அவர் பெயர்தான். ஹார்வி ஊர் திரும்பி 1858 முதல் 1863 வரை ஐந்து தொகுதிகளில் 300 வண்ணப் படங்களோடு ஆஸ்திரேலியப் பாசிகளை வெளியிட்டார். தாளில் ஓர் இழை சுருண்டிருந்தால் படத்தில் கிளைத்தல் எப்படித் தெரியும்? அந்தப் படங்களை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

மார்டென்சியா இன்னும் அழுத்துப்பலகையில்தான் இருக்கிறது, தாள் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். அதற்குள் சர்காசம் என்ற முரட்டுப் பாசியில் கை வைத்துவிட்டேன். அந்தக் காலக் கடற்பயணங்களில் முரட்டுப் பாசிகளை உப்பைக் கழுவாமல் அப்படியே காயவைத்துச் சாக்கில் கட்டி அனுப்புவார்கள், ஊர் போய் ஊறவைத்துத்தான் தாளில் ஏற்றுவார்கள். அதே போல என்னிடம் ஒரு கட்டு சர்காசம் காய்ந்து சாக்கில் இருக்கிறது. மழை முடிந்ததும் ஊறவைத்து, காற்றுப்பைகள் பழைய உருவத்துக்கு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.