ஷெல்லி வழக்கு: அவ்வப்போது எழுதியவை

22 ஜனவரி 2015
"ஷெல்லியைப் பிடித்துவிட்டார்களாம்" என்றார் ரயிலில் பக்கத்தில் இருந்தவர். ஷெல்லி என்றால் ஷெல்டன் சில்வர், நியூயார்க் சட்டமன்றத்தின் சபாநாயகர். நேற்றுதான் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் ஆளுநர் உரையின்போது மேடையில் உட்கார்ந்திருந்தார். நம்ம ஊர் சபாநாயகர் மாதிரி அவையை அமைதிப்படுத்துகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே அவர்தான் பெரும்பான்மைக் கட்சிக்கே தலைவர். பட்ஜெட்டை ஆளுநர், செனட் தலைவர், இவர் என மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். 1994 முதல் அந்த மூவரில் ஒருவர்.

30 நவம்பர் 2015
ஏழு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி. பதவி தானாகவே பறிபோனது.

ஊழல் என்றால் நமக்குப் பணப்பெட்டிதான் ஞாபகம் வரும், இதில் பெட்டியே கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர் ஒருவர் தன் நோயாளிகளை இவரிடம் அனுப்புகிறார், இவர் தான் சேர்ந்திருக்கும் வக்கீல் நிறுவனத்துக்கு அவர்களைக் கைகாட்டுகிறார், நஷ்டஈடு வந்ததும் வக்கீல் ஃபீஸில் ஒரு பங்கு இவருக்கு. பதிலுக்கு மருத்துவரின் ஆராய்ச்சிக்கு இவர் தயவில் மாநிலப் பணம் 5 லட்சம் டாலர். இந்த வழியில் மட்டும் இவருக்கு வந்தது 30 லட்சம் டாலர் வாக்கில். அப்புறம் கட்டட முதலாளிகள்: அவர்களுடைய சொத்துவரி வழக்குகளை ஒரு சின்ன வக்கீல் ஆபீசுக்குத் திருப்பிவிட்டதில் இன்னொரு 7 லட்சம்.

நோயாளிக்கு நஷ்டஈடு கிடைக்கத்தானே செய்தது, அவனுக்கென்ன நஷ்டம் என்று ஆபீசில் ஒருவர் வாதாடினார். இருக்கலாம். ஆனாலும் சாகக் கிடக்கிறவன் வழக்கில் கமிஷன், அதுதான் எனக்கு ஆறவில்லை.

13 ஜூலை 2017
போன வருஷம் கொடுத்த 12 வருஷத் தண்டனை அப்பீல் கோர்ட்டில் ரத்து! வர்ஜீனியா முன்னாள் ஆளுநர் மெக்டானல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல், லஞ்சத்துக்குக் கைமாறாகச் செய்யும் 'அரசுக் காரியம்' என்பதன் பொருளைச் சுருக்கிவிட்டதாம், ஜூரிக்கு நீதிபதி சொன்ன விளக்கம் அதற்குப் பொருந்தவில்லையாம். ஆதாரம் போதாது என்று யாரும் சொல்லவில்லை. மனிதர் இதுவரை ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகவில்லை.

11 மே 2018
மறுவிசாரணை, புது ஜூரி. மறுபடியும் ஏழிலும் குற்றவாளி.

20 ஜூலை 2020
12 வருஷம் 7 ஆகி, இன்று ஆறரை. கூடவே 10 லட்சம் டாலர் அபராதம். ஜனவரியிலேயே அப்பீல் கோர்ட் மருத்துவர் விவகாரத்தைத் தள்ளிவிட்டது. வாங்கும்போதே இன்ன விஷயத்துக்கு என்று இருக்க வேண்டுமாம், 'சமயம் வரும்போது பார்த்துச் செய்கிறேன்' என்பது போதாதாம். கட்டட முதலாளிகள் சமாச்சாரம்தான் நின்றது. எனக்கு எது ஆறவில்லையோ அதற்குத் தண்டனை இல்லை.

24 ஜனவரி 2022
சில்வர் போய்விட்டார், 77 வயது, கைதியாகவே. ஜெயிலுக்குள் போனது 2020 ஆகஸ்டில்தான்.

பென்ஷனா? ஊழலில் தண்டனை பெற்றவர்களின் பென்ஷனைப் பிடிக்கலாம் என்று 2017இல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், ஆனால் அது 2018 முதல் செய்த குற்றங்களுக்குத்தான். அவருடைய பென்ஷனுக்கு அது பொருந்தவில்லை.