டக் டக் சத்தமும் ஒரு ஜோடி ஹாரனும்

செப்டம்பர் 28, 2024, சனி

ஒரு வாரமாக முன்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஒரு டக், சின்னப் பள்ளத்தில் இறங்கினால் ஒரு டக். வண்டி 150 சிசி, 2016 மாடல், 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எந்த கம்பெனி என்று சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த கம்பெனி ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

சென்னையில் திருவொற்றியூர் தேரடியிலிருந்து பாரிமுனை, அங்கிருந்து நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஹார்பர் பக்கம் ஆபீஸ் பேப்பர் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுதான் என் வேலை. தேரடியிலேயே மெட்ரோ இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹார்பரின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசை கட்டி நிற்கும், அந்த வரிசைக்கும் ஓரத்து மணலுக்கும் நடுவில் மூன்றடி இடம் கிடைத்தால் அதுதான் நமக்கு ரோடு. டிரைவர் கேபின் எட்டடி உயரத்தில் இருக்கிறது, நம் வண்டியோடு வந்த ஹாரன் அவர் காதுக்குக் கொசு.

அதனால் இன்று வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போய் ஒரு ஜோடி விண்ட்டோன் ஹாரன் வாங்கிவந்தேன், நத்தை மாதிரி சுருண்டிருக்குமே, அது. சத்தத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, ஆபீஸ் லீவு. ஹாரன் மாட்டினேன்.

கடைக்காரர் “ரிலே எதுக்கு சார், டைரக்டா குடுத்துடலாம்” என்றார். கேட்காதீர்கள். பழைய ஹாரன் இரண்டு மூன்று ஆம்பியர் இழுக்கும், இந்த ஜோடி அதைப்போல மூன்று மடங்காவது இழுக்கும். ஹேண்டிலில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சும் முடி போன்ற ஒயரும் அதைத் தாங்காது, கொஞ்ச நாளில் சுவிட்சுக்குள் கருகிவிடும். ரிலே என்றால் சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் பண்ணும் சுவிட்ச், நாலு பின் ரிலே நூறு ரூபாய்கூட இல்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் போட்டு ரிலேயின் 30-ம் நம்பர் பின்னுக்கு, 87-லிருந்து ஹாரன்களுக்கு, ஹாரனின் இன்னொரு பின் எர்த்துக்கு. பழைய ஹாரனுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு ஒயரையும் 85, 86-ல் சொருகவேண்டும், எது எதில் என்பது சாதா ரிலேயில் முக்கியமில்லை. சுவிட்சை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் ‘டிக்’ என்று ரிலே பேசும், பெரிய கரண்ட் அது வழியாகப் போய்விடும்.

முன்னால் இடம் இல்லை. எப்படி எப்படியோ திருப்பிப் பார்த்து, வாய் மேலே பார்க்கிற மாதிரி வைத்தால்தான் மட்கார்டில் இடிக்கவில்லை. சரி, இருக்கட்டும் என்று டைட் பண்ணிவிட்டேன். முதல் தடவை அடித்தபோது மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த அம்மா கிளிப்பைக் கீழே போட்டுவிட்டார்.

அக்டோபர் 5, சனி

மெக்கானிக்கிடம் போனேன். ஓட்டிப் பார்க்கவில்லை, உட்கார்ந்தபடியே முன் பிரேக்கை ஒரு அமுக்கு அமுக்கி “பேடு போயிருக்கு சார்” என்றார். பேடு மாற்றியாயிற்று, 380 ரூபாய். கடையிலிருந்து தங்கச்சாலை வருவதற்குள் இரண்டு டக்.

அக்டோபர் 8, செவ்வாய்

அதே கடை. இப்போது ஃபோர்க் ஆயிலாம், அதாவது முன் ஷாக் அப்சார்பரில் இருப்பது. ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் ஆயில் மாற்றி, சீலும் மாற்றி 900 ரூபாய். நியாயமாகச் சொன்னால் பழைய ஆயில் சாக்கடைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது, மாற்றவேண்டியதுதான். முன்பக்கம் மெத்தென்று ஆகிவிட்டது. மெத்தென்று இறங்கி, டக் என்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். லாரி இடுக்கில் நடக்கிற வேகத்தில் போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்கமாட்டேன் என்கிறது. ஹேண்டில் ஒரு இடத்தில் பிடித்துக்கொள்கிறது, கொஞ்சம் அழுத்தினால் விடுகிறது, நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிசெய்துகொண்டே போகவேண்டியிருக்கிறது. எனக்குத்தான் வயதாகிறதோ என்று நினைத்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தெரு முழுக்க வண்டி கழுவும் சத்தம்.

காலையில் செயினிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் செயினை விட்டால் பத்தே நாளில் செம்பழுப்பு. கடல் காற்று ஒரு காரணம் என்றால், காசிமேட்டில் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் இன்னொரு காரணம். ரோட்டில் நீளக் கோடாக வரும், வழுக்குவது போதாதென்று அந்த உப்புத் தண்ணீர் செயின், டிஸ்க், ஸ்டாண்ட் ஸ்பிரிங் என்று தெறித்து உட்கார்ந்துவிடும். நான் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயில் விடுகிறேன். பெட்ரோல் ஊற்றிக் கழுவக்கூடாது, ஓ-ரிங் செயின் என்றால் ரப்பர் கெட்டுவிடும்.

எதிர்வீட்டு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இங்கே திருவொற்றியூரிலேயே என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு புல்லட் என்றால் பெருமை, இவருக்கு அது சம்பளம். நான் 1,280 ரூபாய்க் கதையைச் சொன்னேன்.

“இன்னாபா, பேடு மாத்துனா சத்தம் போயிடுமா? சென்டர் ஸ்டாண்ட் போடு.”

போட்டேன். பின்னால் கேரியரை நான் அமுக்க, முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. மாமா ஹேண்டிலைப் பிடிக்கக்கூட இல்லை, ஒரே விரலை நுனியில் வைத்து இடதுகோடியிலிருந்து மெல்லத் தள்ளினார். வழவழவென்று வந்த ஹேண்டில் சரியாக நேராக வந்ததும் ‘லொட்’ என்று குழியில் விழுந்த மாதிரி நின்றுகொண்டது. அப்புறம் ஃபோர்க் இரண்டையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். டக், டக். மூன்று வாரமாக நான் கேட்கும் அதே சத்தம், வண்டி நின்றபடியே.

“கோன் செட்டு. நேரா ஓட்டியே தேச்சிருக்க.”

கோன் செட் என்பது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங், கிண்ணமும் அதில் உருளும் குண்டுகளும். நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்பு குண்டுகள் கிண்ணத்தில் அதே இடத்தில் அடி வாங்குகின்றன. வருடக் கணக்கில் அடித்தால் அந்த இடத்தில் தடம் விழுந்துவிடும், அப்புறம் குண்டுகள் நேராக வந்ததும் அந்தத் தடத்தில் உட்கார்ந்துகொள்ளும். லாரி இடுக்கில் நான் தள்ளாடியதும் அதனால்தான், வயதால் இல்லை.

பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் நசுக்க வண்டியை நகர்த்தினேன், அதிலும் ஒரு டக்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று புதுப்பேட்டையில் கோன் செட் வாங்கினேன், 420 ரூபாய். இன்று வேறு ஒரு மெக்கானிக், தண்டையார்பேட்டையில், கூலி 400. பக்கத்திலேயே நின்றேன்.

கழற்றினால் கீழ்க் கிண்ணத்தில் கிரீஸ் என்று ஒன்றுமே இல்லை, துருப் பொடியும் கறுப்புப் பிசினும்தான். அண்ணன் வேஸ்ட் துணியால் துடைத்துக் கையில் கொடுத்தார். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வளையத்தில் முன்னும் பின்னும் கம்பு தானியம் அளவுக்குக் குழிகள் வரிசையாக, நகத்தை வைத்து இழுத்தால் டிக் டிக் டிக் என்று எண்ணலாம். பக்கவாட்டில் புதுசு மாதிரி பளபளப்பு.

புதுசு மாட்டும்போது இறுக்கம்தான் விஷயம். லூசாக விட்டால் திரும்ப டக், அதிகம் முறுக்கினால் ஹேண்டில் கனத்து வண்டி பாம்பு மாதிரி நெளியும். அண்ணன் முறுக்கினார், கால் திருப்பு பின்வாங்கினார், ஹேண்டிலை லேசாகத் தட்டினார், அது தானாகவே ஓரத்துக்குப் போய் விழுந்தது. “போதும்” என்று பூட்டு நட்டைப் போட்டார். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியதும் ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார்.

வரும் வழியில் டோல்கேட் பக்கம் வேண்டுமென்றே இரண்டு பள்ளத்தில் விட்டேன். சத்தமே இல்லை. பழைய கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருக்கிறேன், அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. ஸ்கூல் லீவு என்று நேற்றே சொல்லிவிட்டார்கள், எங்கள் ஆபீஸ் மட்டும் வரவேண்டாம் என்று 10 மணிக்குச் சொன்னது. நான் அதற்குள் ராயபுரம் வந்துவிட்டேன்.

முட்டிக்குக் கீழே தண்ணீர் என்றால் முதல் கியரில், ஆக்ஸிலேட்டரை விடாமல், கிளட்சில் விளையாடிக்கொண்டே போய்விடலாம், சைலன்சர் ஊதிக்கொண்டே இருக்கவேண்டும் அவ்வளவுதான். இன்ஜின் நின்றுபோனால் அதே இடத்தில் செல்ஃப் அடிக்காமல் தள்ளிக்கொண்டு வருவதுதான் நல்லது. சுரங்கப்பாதை பக்கமே போகவில்லை. ஹேண்டில் மட்டும் பழையபடி இருந்திருந்தால் அந்த ஆழத்தில் கால் ஊன்றியிருப்பேன், நிச்சயம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு லாரி என்னைப் பார்க்காமல் ரிவர்ஸில் வந்தது. ஹாரனை அமுக்கினேன். ‘க்ளுர்ர்ர்’ என்றது. வாய் கொப்பளிக்கிற சத்தம். கையால் லாரியைத் தட்டித்தான் நிறுத்தினேன்.

அக்டோபர் 17, வியாழன்

வெயில் வந்துவிட்டது. ஹாரனைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒவ்வொன்றிலிருந்தும் அரை டம்ளர் தண்ணீர். வாய் கீழே பார்க்கத்தான் மாட்டவேண்டுமாம், டப்பாவிலேயே அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறான், நான் டப்பாவை அன்றைக்கே குப்பையில் போடப்போய் அம்மாதான் பட்டன் போட்டுவைக்க எடுத்துவைத்திருந்தார். மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காயவைத்தேன். ஒன்று பிழைத்துவிட்டது. இன்னொன்று இன்னும் கனைக்கிறது.

சின்ன எல் கிளாம்ப் ஒன்று அடித்துவாங்கி வாயைக் கீழே திருப்பி, பிழைத்ததை மட்டும் மாட்டி ஒரு அடி அடித்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாமா எட்டிப் பார்த்து, “இப்ப இன்னா போச்சு?” என்றார்.