நான்கு ஒளித்துளிகள் உறைந்து நின்ற இடம்

அப்பா எடுத்த படச்சுருள்களை ஸ்கேன் செய்யும் வேலை பாதியில் நின்று நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. ஸ்கேனரில் எந்தக் குறையும் இல்லை. விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. அதோடு இணைந்திருந்த பழைய கணினிதான் உயிரை விட்டது. ஸ்கேனரைச் செய்த நிறுவனம் விண்டோஸ் 7-க்குப் பிறகு அதற்கு டிரைவர் (கருவியை இயக்க விண்டோஸுக்கு வேண்டிய சிறு மென்பொருள்) எழுதவில்லை. நன்றாக உழைக்கும் ஒரு கருவியை இப்படி அநாதையாக விடுவது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

ஸ்கேனர் யூஎஸ்பியில் இணைவதாக இருந்தால் புதிய கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதில் விண்டோஸ் 7 போட்டுச் சமாளித்திருப்பேன். இது ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு. மெய்நிகர் கணினிக்குள் அதை எளிதில் கொண்டுசெல்ல முடியாது. ஆகவே உண்மையான வன்பொருளில் விண்டோஸ் 7 ஓடியாக வேண்டும். வீட்டில் இன்னொரு கணினி இருந்தது. இன்டெல்லின் ஆறாம் தலைமுறைச் செயலி, 100 வரிசை சிப்செட் (செயலியையும் துளைகளையும் இணைக்கும் சில்லு), என்விஎம்இ என்ற புதிய வகை அதிவேக வட்டு. டிவிடி டிரைவ் இல்லை. என்னிடம் உரிமத்தோடு வாங்கிய அசல் டிவிடி இருந்ததால், வேறொரு கணினியில் அதை ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது டிவிடியின் முழு நகலாக, மாற்றிக்கொண்டேன். யாரோ திருத்தி வைத்த ஐஎஸ்ஓ எதையும் தொடுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தேன். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத ஒன்றை நம்பி அப்பாவின் படங்களை ஒப்படைக்க மனம் வரவில்லை.

ஒரு மாலை நேர வேலை என்று நினைத்தேன். ஐந்து இரவுகள் பிடித்தன.

முதல் இரவு, ஐஎஸ்ஓவில் உள்ள கோப்புகளை எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் அப்படியே நகலெடுத்தேன். விண்டோஸ் 10-க்கு அப்படித்தான் செய்திருந்தேன், பூட் ஆகியிருந்தது. இந்த முறை பென் டிரைவின் பெயரே பூட் பட்டியலில் வரவில்லை. காரணம் எளிது. யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் (பழைய முறை பயாஸ்) பூட் ஆகும் கணினி, நீக்கக்கூடிய வட்டு எதைக் கண்டாலும் ஈஎஃப்ஐ என்ற அடைவுக்குள் பூட் என்ற அடைவையும், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பையும் தேடும். விண்டோஸ் 7 டிவிடியில் அந்தக் கோப்பு அந்த இடத்தில் இல்லை. இன்னொரு பென் டிரைவில் அதை நானே எடுத்துப் போட்டும் பார்த்தேன். பிறகு மனம் மாறி, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் பென் டிரைவை மறுபடி தயாரித்தேன். பார்ட்டிஷன் அமைப்பு எம்பிஆர் (வட்டைப் பிரிக்கும் பழைய முறை), இலக்கு பயாஸ் அல்லது அதைப் போல நடந்துகொள்ளும் சிஎஸ்எம். பழைய விண்டோஸுக்கு இந்தச் சேர்க்கைதான் சரிவரும்.

இப்போது பென் டிரைவ் பூட் ஆனது. 'விண்டோஸ் கோப்புகளை ஏற்றுகிறது' என்ற பட்டை ஓடி முடிந்தது. கறுப்புத் திரையில் சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளுமாக நான்கு ஒளித்துளிகள் சுழன்று வந்து ஒன்று சேர வேண்டும். பாதி வழியில் உறைந்து நின்றன. இருபது நிமிடங்கள் காத்திருந்தேன். அசைவில்லை.

அன்றுதான் ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு முயற்சியும் எந்த இடத்தில் நின்றது என்று எழுத ஆரம்பித்தேன். பட்டியலில் பெயர் வராவிட்டால் பேச வேண்டியது மதர்போர்டின் ஃபர்ம்வேரோடு, அதாவது அதிலேயே பதிந்திருக்கும் மென்பொருளோடு. பட்டை ஓடிய பிறகு நின்றால் ஃபர்ம்வேர் தன் வேலையை முடித்துவிட்டது, விண்டோஸின் மையப்பகுதியான கெர்னல் எதையோ கேட்டுக் கிடைக்காமல் நிற்கிறது. நிறுவும் திரை வந்த பிறகு வரும் பிழை முற்றிலும் வேறு கதை. இந்த மூன்றையும் பிரிக்காமல் கண்ணில் பட்ட அமைப்பையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்ததால்தான் முதல் இரவு வீணானது.

ஒளித்துளிகள் உறைந்ததற்குக் காரணம் திரை. நான் ரூஃபஸில் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தும், பென் டிரைவ் வேலை செய்கிறதா என்று பார்க்கும் அவசரத்தில், முன்பே நானே பூட்எக்ஸ்64 கோப்பைப் போட்டு வைத்த இன்னொரு பென் டிரைவையும் செருகியிருந்தேன். கணினி அதிலிருந்து யூஇஎஃப்ஐ முறையில் எழுந்துவிட்டது. 64-பிட் விண்டோஸ் 7 யூஇஎஃப்ஐயில் பூட் ஆகும், ஆனால் திரையில் எழுதப் பழைய பயாஸின் இன்ட்10 என்ற சேவையை எதிர்பார்க்கும். சிஎஸ்எம் என்ற பழைமைத் துணைப்பகுதி அணைக்கப்பட்டிருந்தால் அந்தச் சேவை இருக்காது; விண்டோஸ் அங்கேயே நின்றுவிடும். பயாஸ் அமைப்புக்குள் போய்த் தேடினால் சிஎஸ்எம் என்ற வரி சாம்பல் நிறத்தில் கிடந்தது, மாற்ற முடியவில்லை. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை முதலில் அணைத்து, சேமித்து, மறுபடி உள்ளே வந்த பிறகுதான் அந்த வரி திறந்தது. விண்டோஸ் 7-க்குச் செக்யூர் பூட் எப்படியும் ஒத்துவராது.

இரண்டாம் இரவு நிறுவும் திரை வந்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மவுஸ் அம்பு நடுத்திரையில் அசையாமல் கிடந்தது. கீபோர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. ஒரு நிமிடம் முன்பு இதே கீபோர்டில்தானே பூட் பட்டியலில் தேர்வு செய்தேன்!

இந்த இடம்தான் மொத்தக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்தது, ஆகவே சற்று நின்று சொல்கிறேன். பயாஸில் இருக்கும்வரை கீபோர்டை இயக்குவது ஃபர்ம்வேர். விண்டோஸ் எழுந்தவுடன் அந்தப் பொறுப்பை அது தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. அதற்குத் தன் சொந்த டிரைவர் வேண்டும். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். யூஎஸ்பி 3.0 தரநிலை வந்ததோ அதற்கு ஓராண்டுகூட ஆகாத 2008 நவம்பரில்தான். ஆகவே அந்த டிவிடியில் யூஎஸ்பி 3-க்கான டிரைவரே இல்லை. விண்டோஸில் அது உள்ளேயே வந்தது விண்டோஸ் 8-இல்தான். 100 வரிசைக்கு முந்தைய சிப்செட்டுகளில் யூஎஸ்பி 2-க்கான தனிக் கட்டுப்படுத்தியும் கூடவே இருந்ததால் யாருக்கும் சிக்கல் தெரியவில்லை, கறுப்பு நிறத் துளையில் செருகினால் போதும். 2015-இல் வந்த 100 வரிசையில் அந்தப் பழைய கட்டுப்படுத்தியை இன்டெல் எடுத்துவிட்டது. கறுப்போ நீலமோ, எல்லாத் துளைகளும் உள்ளே போய்ச் சேர்வது ஒரே இடத்தில்தான்.

மதர்போர்டின் பின்புறம் வட்ட வடிவில் பிஎஸ்2 துளை ஒன்று இருந்தது. அதில் ஒரு பழைய கீபோர்டைச் செருகியதும் உயிர் வந்தது. என்டர் விசையைத் தட்டி 'இப்போது நிறுவு' என்பதைக் கடந்தேன். உடனே அடுத்த செய்தி: தேவையான சிடி/டிவிடி டிரைவர் காணவில்லை.

என் கணினியில் டிவிடி டிரைவே கிடையாது. அப்படியிருக்க எந்த டிரைவரைத் தேடுவது? வட்டுகளை இணைக்கும் சாட்டா முறைக்கான டிரைவராக இருக்குமோ என்று ஒரு மணி நேரம் அலைந்தேன். பிறகுதான் புரிந்தது. விண்டோஸ் நிறுவி தன் மூலக் கோப்புகளைத் தேடுகிறது. அவை பென் டிரைவில் இருக்கின்றன. பென் டிரைவ் செருகியிருக்கும் துளையை விண்டோஸால் பார்க்க முடியவில்லை. 'அப்படியானால் இந்தத் திரை எப்படி வந்தது?' என்று கேட்கலாம். தொடக்கத்தில் ஓடிய அந்தப் பட்டை, பூட்.விம் என்ற கோப்பு முழுவதையும் ஃபர்ம்வேரின் உதவியோடு நினைவகத்துக்குள் தூக்கி வைத்துவிட்டது. நிறுவி நினைவகத்திலிருந்து ஓடுகிறது. தான் வந்த வட்டையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. டிவிடியை மனத்தில் வைத்து எழுதிய செய்தி என்பதால் சிடி என்று சொல்கிறது. சற்றுப் பழைய கணினியில் இதே செய்தி வந்தால், பென் டிரைவைப் பிடுங்கி யூஎஸ்பி 2 துளையில் செருகி, ரத்து செய்து, மறுபடி 'இப்போது நிறுவு' என்று அழுத்தினால் பல நேரம் கடந்துவிடும். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மூன்றாம் இரவு முழுவதும் விம் கோப்புகளோடு போனது. வேலை செய்யும் விண்டோஸ் கணினியில் டிஸ்ம் என்ற கட்டளையால் பூட்.விம் கோப்பைத் திறந்து, இன்டெல்லின் யூஎஸ்பி 3 டிரைவரை உள்ளே சேர்த்து மூட வேண்டும். பூட்.விம்முக்குள் இரண்டு பிம்பங்கள் இருக்கும். நிறுவி ஓடுவது இரண்டாவதிலிருந்து; நான் முதலில் ஒன்றாவதில் சேர்த்துவிட்டு ஒரு மணி நேரம் இழந்தேன். வட்டில் போய் அமரப்போகும் விண்டோஸ் இருக்கும் இன்ஸ்டால்.விம்மிலும் அதே டிரைவரைச் சேர்க்க வேண்டும், அதுவும் நீங்கள் நிறுவப்போகும் பதிப்பின் எண்ணுக்குள். அதைச் செய்யாமல் விட்டால் நிறுவல் முழுவதும் முடிந்து, பயனர் பெயரைக் கேட்கும் திரையில் மறுபடி கீபோர்டு செத்துப்போகும். மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கும்படி 'கமிட்' என்று சொல்ல மறக்கக் கூடாது. விம் கோப்புகளை முதலில் வட்டுக்கு நகலெடுத்து, படிக்க மட்டும் என்ற பண்பை நீக்கிக்கொள்வதும் அவசியம்.

என்விஎம்இ வட்டுக்கும் விண்டோஸ் 7-இல் டிரைவர் இல்லை. கேபி 2990941 என்ற திருத்தத்தை இதே முறையில் விம் கோப்புகளுக்குள் சேர்த்தால் கிடைக்கும். நான் அந்த வழிக்குப் போகவில்லை. கையிலிருந்த சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, என்விஎம்இ வட்டைத் திருகு கழற்றி வெளியே எடுத்து வைத்தேன். அதில் ஏற்கெனவே ஸ்கேன் செய்த முந்நூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. வேறு இடத்திலும் ஒரு பிரதி உண்டு, இருந்தாலும் எடுத்து வைத்தேன்.

அது எவ்வளவு நல்ல முடிவு என்பது நான்காம் இரவு தெரிந்தது. எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தபோது 'இந்த வட்டு ஜிபிடி பாணியில் இருக்கிறது, இதில் நிறுவ முடியாது' என்று நிறுவி மறுத்தது. ஜிபிடி வட்டைப் பிரிக்கும் புதிய முறை; பயாஸ் முறையில் பூட் ஆன விண்டோஸ் எம்பிஆர் வட்டைத்தான் ஏற்கும். ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை வரும். அதில் டிஸ்க்பார்ட், பிறகு வட்டுகளின் பட்டியல், பிறகு வட்டைத் தேர்வு செய்வது, பிறகு 'கிளீன்', பிறகு 'கன்வர்ட் எம்பிஆர்'. இந்த 'கிளீன்' என்ற சொல்லைத் தட்டும் முன் தயவுசெய்து கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, வட்டின் கொள்ளளவை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 'நிச்சயமா?' என்று அது கேட்காது. வட்டு 0 எது, வட்டு 1 எது என்ற வரிசை பென் டிரைவ் செருகியிருப்பதைப் பொறுத்து மாறும். என் பட்டியலில் எஸ்எஸ்டியும் பென் டிரைவும் மட்டுமே இருந்ததால் நிம்மதியாகத் தட்டினேன்.

பிறகு 'புதிய சிஸ்டம் பார்ட்டிஷனை உருவாக்க முடியவில்லை' என்று ஒரு செய்தி வந்தது. பூட் வரிசையில் பென் டிரைவை முதலில் வைத்திருந்ததால் வந்த வினை. எஸ்எஸ்டியை முதலிடத்துக்கு மாற்றி, எஃப்12 அழுத்தி அந்த ஒரு முறைக்கு மட்டும் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். சரியானது. முதல் மறுதொடக்கத்துக்குப் பிறகு நிறுவி மீண்டும் ஆரம்பத்திலிருந்து தொடங்கும் சுழலும் இதனாலேயே வராமல் போனது.

ஐந்தாம் இரவு ஃபயர்வயர் அட்டையைப் பொருத்தினேன். டிவைஸ் மேனேஜரில் அதன் டிரைவரை 'லெகசி' என்று முடியும் பழைய வகைக்கு மாற்றியதும் ஸ்கேனர் உறுமிக்கொண்டு எழுந்தது. இந்தக் கணினியில் நெட்வொர்க் கேபிளைச் செருகப் போவதில்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் பொதுவாக நிறுத்திவிட்டது. படங்கள் ஒரு தனி வட்டில் ஏறி, புதிய கணினிக்குப் போகும்.

முதலில் வைத்த சுருளில் மூன்றாவது சட்டகம் அம்மா. ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு கண்ணை மூடியபடி. அந்தப் படத்தை நான் அச்சில் பார்த்ததே இல்லை. இன்னும் பதினோரு சுருள்கள் இருக்கின்றன. பென் டிரைவையும், பயாஸ் அமைப்புகளை எழுதிய நோட்டுப் பக்கத்தையும் ஒரே உறையில் போட்டு ஸ்கேனருக்கு அடியில் வைத்திருக்கிறேன்.