வலை கட்டும் தாத்தா

காலை ஏழு மணி. கால்பந்து கிளப் மைதானத்தில் ஒரு தாத்தா கோல் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வயது 80-ஐ நெருங்கும். விரல்கள் நடுங்குகின்றன. ஒவ்வொரு முடிச்சையும் ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்கு நகர்கிறார்.

மகளைப் பயிற்சிக்கு அழைத்துப்போன நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

சின்னப் பையனாக நெதர்லாந்திலிருந்து கப்பலில் பிரிஸ்பேன் வந்தவராம். இங்கேயே ஆடினார். ஆட முடியாமல் போனதும் மைதானத்தில் கோடு போட்டார், ஜெர்சி துவைத்தார், கேன்டீனில் நின்றார். ஒரு காசு வாங்கியதில்லை.

1957-ல் டச்சுக் குடியேறிகள் தொடங்கிய கிளப் இது. அன்றைய பெயர் ஹாலந்தியா-இனாலா. இன அடையாளப் பெயர்கள் வேண்டாம் என்று சொல்லப்பட்ட காலத்தில் லயன்ஸ் ஆனது. 2005-ல் ஆஸ்திரேலியாவின் முதன்மைக் கால்பந்துப் போட்டியான ஏ-லீக் தொடங்கியபோது ஆடிய குவீன்ஸ்லாந்து ரோர் இவர்கள் உருவாக்கிய அணிதான். அதன் இன்றைய பெயர் பிரிஸ்பேன் ரோர். அந்த அணியின் ஆரஞ்சு நிறம் கப்பலில் வந்த அந்த டச்சுக்காரர்களுடையது.

நம் ஆட்கள் நடத்தும் ஞாயிறு தமிழ்ப் பள்ளி நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஒரு அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலி போடுவார். அவருக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. மனசு கனத்துவிட்டது.

மகள் அடித்த பந்து வலையில் போய் விழுந்தது. தாத்தா கைதட்டினார்.

பிறகு மெதுவாக நடந்துபோய், அந்த மூலை முடிச்சை மறுபடி இழுத்துப் பார்த்தார்.