நான் அழித்த டம்மி

நேற்று ஒரு பழைய சர்க்யூட் போர்டில் ஓடும் சி புரோகிராமை ஜிசிசி கம்பைலரில் வார்னிங் எல்லாம் திறந்துவிட்டு கம்பைல் செய்தேன். 43 வார்னிங். பெரும்பாலும் 'மதிப்பு போட்டிருக்கிறாய், எங்கேயும் பயன்படுத்தவில்லை' ரகம். பார்த்த கையோடு வரி வரியாக அழித்தேன். வீடு கூட்டுகிற சுகம்!

ராத்திரி போர்டு அப்படியே உறைந்துவிட்டது. டீபக்கரில் எப்போது நிறுத்தினாலும் யூஆர்ட் (சீரியல் போர்ட்) இன்டரப்டுக்குள்தான், அதாவது சிப் கைவேலையை விட்டுவிட்டு ஓடிவரும் ஃபங்ஷனுக்குள்தான் நிற்கிறது.

நான் அழித்ததில் 'டம்மி' என்று ஒரு வேரியபிள் இருந்தது. எஸ்டிஎம்32 எஃப்4 சிப்பில் ஓவர்ரன் கொடி (வந்த டேட்டாவைப் படிக்கும் முன் அடுத்தது வந்துவிட்டது என்ற அடையாளம்) தானாக இறங்காது; இறங்காதவரை இன்டரப்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை (சிப்பின் நிலையைக் காட்டும் சின்ன நினைவிடம்) படித்து, அப்புறம் டேட்டா ரிஜிஸ்டரையும் படித்தால்தான் இறங்கும். படித்து டம்மியில் போட்ட மதிப்பு யாருக்கும் வேண்டாம், படிப்பதுதான் அங்கே வேலை. இதை எழுதிய புண்ணியவான் பக்கத்தில் ஒரு கமென்ட் போட்டிருக்கலாம்.

சரி, டம்மியைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ரிஜிஸ்டர் பெயருக்கு முன்னால் வாய்டு காஸ்ட் ('இந்த மதிப்பு வேண்டாம்' என்ற குறி) போட்டு ஒரே வரி. ரிஜிஸ்டர் வாலடைல் (ஒவ்வொரு முறையும் நிஜமாகவே படித்தாக வேண்டியது) என்பதால் ஆப்டிமைசேஷனை எவ்வளவு ஏற்றினாலும் அந்த ரீடை கம்பைலர் தூக்காது, வார்னிங்கும் வராது. கால்பேக்கில் (வேறொரு கோடு கூப்பிடுவதற்காக நாம் எழுதித் தரும் ஃபங்ஷன்) சும்மா வந்து நிற்கும் பாராமீட்டர்களுக்கும் இதே வைத்தியம்தான். சி மொழியின் சி23 பதிப்பில் இதற்கென்றே 'மேபி அன்யூஸ்ட்' என்ற குறிப்பு வந்துவிட்டது, ஆனால் எங்கள் டூல்செயினுக்கு வயசாகிவிட்டது.

"மொத்தமாக வார்னிங்கை ஆஃப் பண்ணிடுங்களேன்" என்றார் உடன் வேலை செய்யும் தம்பி. மீதியில் ஒன்றைக் காட்டினேன்: ஐ2சி (மற்ற சிப்களோடு பேசும் இணைப்பு) ஃபங்ஷன் திருப்பித் தந்த எரர் கோடு ஒரு வேரியபிளில் பத்திரமாக இருக்கிறது, யாரும் பார்க்கவே இல்லை.